ஓவர்கிளாக்கிங்கும் ஒரு கல்யாண வீடியோவும்

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பயந்து ஓடிடாதீங்க, நடுவுல கணக்கு ஒண்ணே ஒண்ணுதான் வரும், அதுவும் எட்டாங்கிளாஸ் கணக்கு. நம்மளை மாதிரி பொட்டி தட்டுற ஜனங்களுக்கு முதல் பாதி தெரிஞ்ச சங்கதியாத்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க. தெரியாதவங்களுக்காக முதல்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன்.

பிராசசர்ங்கிறது தாளத்துக்கு வேலை செய்யுற சாமான். உள்ளே இருக்குற கிளாக் தட்டத் தட்ட, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அடி முன்னாடி நகரும். 4 ஜிகாஹெர்ட்ஸ்னா நொடிக்கு 400 கோடி தட்டு. "இந்த வேகத்துக்கு நான் பொறுப்பு"ன்னு கம்பெனிக்காரன் ஒரு எண்ணை டப்பாவுல அச்சடிச்சுக் குடுக்குறான். அதுக்கு மேல விரட்டினா அதுக்குப் பேருதான் ஓவர்கிளாக்கிங்.

ஏன் விரட்ட முடியுது? ஒரே தட்டுல வெந்த இட்லி எல்லாமே ஒரே மாதிரி வர்றதில்லை பாருங்க, சில்லும் அப்படித்தான். சிலது நல்லா வரும், சிலது சுமாரா வரும். சுமாரான சில்லு, மோசமான சூடு, ஏறி இறங்குற கரண்ட் எல்லாத்துலயும் தடுமாறாம ஓடணும்ங்கிறதுக்காக ஒரு பாதுகாப்பு இடைவெளி விட்டுத்தான் அந்த எண்ணைப் போடுவாங்க. அந்த இடைவெளியிலதான் நாம கை வைக்கிறோம்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். இதெல்லாம் சீனியர் மக்கள் சொல்லிக் கேட்டதும் படிச்சதும்தான், ஏன்னா முதல் கதை நடந்தப்போ நான் கைக்குழந்தை :-)

1998ல இன்டெல் செலரான் 300ஏன்னு ஒரு மலிவு விலை பிராசசர் விட்டாங்க. மதர்போர்டு குடுக்குற 66 மெகாஹெர்ட்ஸை 4.5ஆல பெருக்கி 300ல ஓடும். ஆனா போர்டுல 66ஐ 100 ஆக்கினா அதே சில்லு 450ல ஜம்முனு ஓடுச்சு. அம்பது சதவீதம் இனாம்! 2000 வாக்குல ஏஎம்டியோட அத்லான், டியூரான் சில்லுகள்ல மேல்பக்கம் தெரியுற குட்டிக் குட்டி இணைப்புகளை சாதாரண பென்சிலால கோடு போட்டு சேத்தா மல்டிப்ளையர் பூட்டு திறந்துக்கும். நிஜமாவே நடராஜ் பென்சில் போதும், கிராஃபைட்ல மின்சாரம் போகும் இல்லையா, அவ்ளோதான் சூட்சுமம். 2007ல வந்த கோர் 2 குவாட் க்யூ6600லயும் இதே கதை. 266ஐ 333 ஆக்கினா 2.4 ஜிகாஹெர்ட்ஸ் 3.0 ஆயிடும்.

அது ஒரு பொற்காலம். இப்போ அந்த மாதிரி இனாம் கிடைக்கறதில்லை. காரணம், இன்னைக்கு வர்ற பிராசசர் தன்னைத்தானே ஓவர்கிளாக் பண்ணிக்குது. சூடு எவ்வளவு, எத்தனை வாட் இழுக்குது, எத்தனை கோருக்கு வேலை இருக்குன்னு நொடிக்குப் பல தடவை பாத்து, முடிஞ்ச அளவு தானே மேல ஏறிக்கும். ஏஎம்டி 2020ல விட்ட ரைசன் 5 5600எக்ஸை எடுத்துக்கோங்க. அடிப்படை வேகம் 3.7 ஜிகாஹெர்ட்ஸ், பூஸ்ட் 4.6. இந்த ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கும்ங்கிறது உங்க ரூம் எவ்வளவு சூடா இருக்குங்கிறதைப் பொறுத்தது.

அப்போ நாம பண்றதுக்கு என்னதான் மிச்சம்? அதைத்தான் போன மே மாசம் மதுரையில உக்காந்து மூணு நாலு நாள் பாத்தேன்.

என் சித்தப்பா பையன் அங்க போட்டோ ஸ்டுடியோ வெச்சிருக்கான். கல்யாண வீடியோ எடுக்குறது, மிக்ஸிங், ஆல்பம் டிசைன் எல்லாம் அவனே. மேல மொட்டை மாடி, கீழ டீக்கடை, நடுவுல இவன் கடை. மத்தியானம் ரெண்டு மணிக்கு உள்ளே போனா மேல வெயிலும் கீழ பாய்லரும் சேந்து ஆளையே வேக வைக்கும். ஏசி உண்டு, ஆனா அது போட்டோ எடுக்குற ரூமுக்கு. கம்ப்யூட்டர் இருக்குற மூலைக்கு சீலிங் ஃபேன் மட்டும்தான்.

"அண்ணே, சீசன் ஆரம்பிச்சிருச்சு. ஒரு கல்யாணம் ரெண்டர் போட்டா மூணு மணி நேரத்துக்கு மேல ஆவுதுண்ணே. புதுசு வாங்க இப்ப காசு இல்லை. இதையே கொஞ்சம் முடுக்கி விட முடியுமான்னு வந்து பாருங்கண்ணே" என்றான் போன்ல. அவன்கிட்ட இருக்கறது அதே 5600எக்ஸ்தான். ஓவர்கிளாக் பண்ண ஒரு சாக்கு கிடைச்சா நான் விடுவேனா, வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிட்டேன்.

போனதும் பயாஸ்ல கை வைக்கலை. முதல்ல அளவு எடுத்தேன். இதுதான் முதல் பாடம்: அளக்காம ஆரம்பிச்சா, கடைசியில வேகம் கூடிச்சா இல்லை கூடின மாதிரி தோணுதான்னே தெரியாது. அவன் ஏற்கனவே முடிச்ச ஒரு கல்யாணத்தை எடுத்து, திரும்ப ரெண்டர் போட்டு, பக்கத்துல ஹெச்டபிள்யூஇன்ஃபோங்கிற இலவச மென்பொருளைத் திறந்து வெச்சேன்.

ரூம் 36 டிகிரி. பிராசசர் 95 டிகிரி. 5600எக்ஸுக்கு ஏஎம்டி வெச்ச உச்சவரம்பே 95தான். அதைத் தொட்டதும் சில்லு தானா வேகத்தைக் குறைச்சுக்கும். குறைச்சுக்கிட்டு 3.9 ஜிகாஹெர்ட்ஸ்ல மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. மொத்தம் 3 மணி 10 நிமிஷம்.

இப்போ நான் சொன்ன அந்தக் கணக்கு. பிராசசர் விடுற சூடு வேகத்தோட நேரா கூடும், வோல்டேஜோட வர்க்கத்துலயும் கூடும். 4.4லேர்ந்து 4.6க்குப் போறோம்னு வெச்சுக்குவோம். வேகம் நாலரை சதம்தான் கூடுது. ஆனா அந்த வேகத்துல தடுமாறாம ஓட வோல்டேஜை 1.20லேர்ந்து 1.30 ஆக்க வேண்டியிருந்தா? வோல்டேஜ் 8 சதம் சொச்சம் ஏறுது, அதோட வர்க்கம் 17 சதம், வேகத்தையும் சேத்தா சூடு ஏறக்குறைய 23 சதம் கூடுது. நாலரை ரூபா சாமானுக்கு 23 ரூபா விலை. ஓவர்கிளாக்கிங்ல கடைசி கொஞ்சம்தான் எப்பவும் காஸ்ட்லி.

இன்னொண்ணு, இந்தச் சூடு மொத்தமும் எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. 5600எக்ஸ்ல கோர்கள் இருக்குற சில்லோட பரப்பு 80 சதுர மில்லிமீட்டர் சொச்சம், கட்டைவிரல் நகத்தைவிட சின்னது. அதுலேர்ந்து ஒரு 60 வாட் வருதுன்னு வெச்சாலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 75 வாட். வீட்டுல இருக்குற 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர்னா, அங்க சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். அதாவது சட்டையைத் தேய்க்கிற பெட்டியைப் போல பதினஞ்சு மடங்கு நெருக்கடி. இந்தச் சூட்டை வெளியே கொண்டு போற வேலைதான் கூலரோடது.

அப்புறம் கூலர் என்னதான் ஒசத்தியா இருந்தாலும் ரூம் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. அது பண்றதெல்லாம் ரூமுக்கும் சில்லுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தைக் குறைக்கிறதுதான். வெளிநாட்டு விமர்சகர் 22 டிகிரி ரூம்ல உக்காந்து "75தான் வருது, சூப்பர்"ன்னு சொன்னா வித்தியாசம் 53. அதே கூலரை அக்னி நட்சத்திரத்துல 37 டிகிரி ரூம்ல போட்டா 90. அவங்க போடுற செட்டிங்கை நம்ம ஊர்ல அப்படியே காப்பி அடிக்கிறவங்க இந்த 15 டிகிரியை மறந்துடறாங்க.

சரி, மதுரைக்கு வருவோம். சிபியூவை மர டேபிளுக்கு அடியில இருக்குற அலமாரிக்குள்ள வெச்சிருந்தான். முன்னாடி கதவு, பின்னாடி பலகை. பின்பக்க ஃபேன் வெளியே தள்ளுற சூடு அங்கேயே சுத்தி முன்பக்கமா திரும்ப உள்ளே போவுது. இதைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுவத்தி போதும். ஏத்தி கேபினெட் முன்னாடியும் பின்னாடியும் காட்டினா புகை எந்தப் பக்கம் போகுதுன்னு பளிச்சுனு தெரியும். முன்பக்கம் உள்ளே இழுக்கணும், பின்பக்கம் வெளியே போகணும். இங்க பின்னாடி போன புகை பலகையில முட்டி, டேபிளுக்கு அடியில தவழ்ந்து, முன்பக்கமாவே திரும்பி வந்துச்சு. தம்பி சாமி படத்துக்குப் பத்தி காட்டுறேன்னு நினைச்சு கன்னத்துல போட்டுக்கிட்டான் :-)

பலகையைக் கழட்டியாச்சு. கேபினெட்டைத் திறந்தா ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவுல பஞ்சு அடைச்ச மாதிரி தூசு. ப்ளோயர் வெச்சு ஊதினோம். ஊதும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கணும், இல்லேன்னா கண்டபடி சுத்தி பேரிங் போயிடும். அசெம்பிள் பண்ணிக் குடுத்த கடைக்காரர் முன்பக்கம் ஃபேனே போடலை. ரெண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் வாங்கி முன்னாடி மாட்டினேன்.

அப்புறம் கூலர். 5600எக்ஸோட டப்பாவுல வர்ற ரெய்த் ஸ்டெல்த் ரொம்ப சின்னது, அலுமினியத் தட்டு மேல ஒரு ஃபேன். நாலு ஹீட்பைப் வெச்ச டவர் கூலர் ஒண்ணு மூணாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. கழட்டுறப்போ ஒரு விஷயம் கவனம்: இந்த ஏஎம்4 பிராசசர்ல பின்கள் சில்லுப் பக்கம் இருக்கும். தெர்மல் பேஸ்ட் காஞ்சு பசை மாதிரி பிடிச்சிருந்தா, கூலரை நேரா மேல இழுக்கும்போது பிராசசரும் சாக்கெட்லேர்ந்து பிடுங்கிக்கிட்டு வந்துடும், பின் வளையும். அதனால பத்து நிமிஷம் ஏதாவது ஓட விட்டு சூடாக்கி, ஆஃப் பண்ணி, ஸ்க்ரூவைக் கழட்டினதும் இப்படி அப்படி லேசா திருகித்தான் எடுக்கணும். புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு நடுவுல வெச்சா போதும். சட்னி மாதிரி தடவ வேண்டியதில்லை, கூலர் அழுத்துறப்போ தானே பரவிடும்.

திரும்ப அதே கல்யாணம், அதே ரெண்டர். ரூம் 36. பிராசசர் 77. வேகம் 4.35. நேரம் 2 மணி 50 நிமிஷம்.

கவனிச்சீங்களா? பயாஸ்ல ஒரு எழுத்துகூட மாத்தலை. இருபது நிமிஷம் குறைஞ்சுடுச்சு. சில்லு இவ்வளவு நாளும் ஓடத் தயாராத்தான் இருந்திருக்கு, மூச்சு விட இடம் இல்லாமத்தான் உக்காந்திருக்கு.

இப்போ சூடு எல்லைக்குள்ள வந்ததும் அடுத்த தடை வாட். ஸ்டாக் நிலையில 5600எக்ஸ் மொத்தம் 76 வாட்டுக்கு மேல இழுக்காது. இதைத் தாண்ட ரெண்டு வழி. ஒண்ணு, பிரெசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ்ல போய் வாட் எல்லையை ஏத்தறது. இன்னொண்ணு, அதே 76 வாட்டுக்குள்ள அதிக வேகம் கிடைக்கிற மாதிரி வோல்டேஜைக் குறைக்கிறது. ரெண்டாவதுக்குப் பேரு கர்வ் ஆப்டிமைசர். ஒவ்வொரு கோருக்கும் மைனஸ் 1லேர்ந்து மைனஸ் 30 வரைக்கும் குடுக்கலாம். ஒரு படிக்கு சில மில்லிவோல்ட் குறையும்.

பழைய ஆளுங்களுக்கு இது தலைகீழாத் தெரியும். ஓவர்கிளாக்னாலே வோல்டேஜை ஏத்துறதுதானே? இன்னைக்கு அப்படி இல்லை. வோல்டேஜைக் குறைச்சா சூடு குறையுது, வாட் மிச்சமாகுது, மிச்சமான வாட்டை சில்லு தானே வேகமா மாத்திக்குது. நம்ம ஊர் வெயிலுக்கு இதுதான் தோது.

முதல் வழியையும் முயற்சி பண்ணிப் பாத்தோம். எல்லையை ஏத்தி விட்டா 100 வாட் இழுத்துச்சு, 4.65ல ஓடுச்சு, சூடு 90. ரெண்டாவது வழியில 76 வாட்லயே 4.55, சூடு 77, நேரம் 2 மணி 43 நிமிஷம். ரெண்டுக்கும் வித்தியாசம் மூணு நிமிஷம் சொச்சம். அதுக்கு 24 வாட் கூடுதல். ரூமும் அந்த 24 வாட்டை வாங்கிக்கணும், தம்பியும் அதே ரூம்லதானே உக்காரணும். முதல் வழியை அப்பவே மூடியாச்சு.

இனிமேதான் இந்தப் பதிவோட முக்கியமான விஷயம். ஸ்டேபிளா இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

"விண்டோஸ் வருது, கேம் ஓடுது, அப்போ ஸ்டேபிள்தான்"னு பலபேர் நினைக்கிறாங்க. ஒரு பிராசசர் தடுமாறுறது மூணு விதம். முதலாவது, சிஸ்டம் நின்னுடும், ப்ளூ ஸ்கிரீன் வரும். இது நல்ல விதம், முகத்துக்கு நேரா சொல்லிடுது. ரெண்டாவது, தப்பு நடந்து வன்பொருளே அதைக் கவனிச்சு விண்டோஸோட ஈவென்ட் வியூவர்ல ஒரு வரி எழுதி வைக்கும், ஹியா லாகர்ங்கிற பேர்ல. தேடினாத்தான் தெரியும். மூணாவதுதான் வில்லங்கம். கணக்கு தப்பா வரும், யாருக்கும் தெரியாது. இரண்டும் இரண்டும் அஞ்சுன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடும்.

இந்த மூணாவதைப் பிடிக்கத்தான் பிரைம்95. பெரிய பெரிய பகா எண்களைத் தேடுறதுக்காக எழுதின மென்பொருள் இது. அதோட சோதனையில விடை முன்னாடியே தெரிஞ்ச கணக்கைக் குடுத்து, சில்லு போடுற விடையோட ஒத்துப் பாக்கும். ஒத்து வரலைன்னா அந்த இடத்துலயே நின்னுடும்.

ஆனா கர்வ் ஆப்டிமைசர்ல ஒரு வினோதம் உண்டு. எல்லாக் கோருக்கும் முழு வேலை குடுத்து சோதிச்சா தேறிடும். ராத்திரி சும்மா இருக்கும்போது, இல்லேன்னா ஒரு போட்டோவைத் திறக்கும்போது பொசுக்குனு விழும். ஏன்னா எல்லாக் கோரும் ஓடும்போது வேகம் 4.5 பக்கம்தான். ஒரே ஒரு கோருக்கு மட்டும் வேலை வந்தா அது 4.6க்கும் மேல தாவிப் பாக்கும். அந்த உச்சியிலதான் நாம குறைச்ச வோல்டேஜ் பத்தாமப் போகும். அதனால ஒவ்வொரு கோரையும் தனித்தனியா சோதிக்கணும். அதுக்கு கோர்சைக்ளர்னு ஒரு இலவச ஸ்கிரிப்ட் இருக்கு, பிரைம்95ஐ ஒவ்வொரு கோர்லயா மாத்தி மாத்தி ஓட்டும். ராத்திரி பூரா விட்டுட்டுத் தூங்கிடலாம்.

எல்லாக் கோருக்கும் மைனஸ் 20 போட்டு ஆரம்பிச்சேன். முதல் ராத்திரி சுத்தம். ரெண்டாவது ராத்திரி மைனஸ் 25, அதுவும் சுத்தம். திங்கக்கிழமை ஆபீஸ்ல ஆணி புடுங்கப் போகணுமே, "இன்னும் ரெண்டு மூணு ராத்திரி இதையே ஓட்டு"ன்னு சொல்லிட்டு சென்னைக்குக் கிளம்பிட்டேன். புதன்கிழமை காலையில போன்.

"அண்ணே, செவப்பு எழுத்துல என்னமோ வந்திருக்குண்ணே."

படிக்கச் சொன்னேன். மூணாம் நம்பர் கோர், ஒன்பதாவது மணி நேரத்துல, ரவுண்டிங் 0.5ன்னு வந்திருக்கு, 0.4க்குள்ள இருந்திருக்கணும். சிஸ்டம் நிக்கலை. ப்ளூ ஸ்கிரீன் இல்லை. பாட்டு கேட்டுக்கிட்டு இருந்தாக்கூட கவனிச்சிருக்க மாட்டீங்க. சத்தமில்லாம ஒரு கணக்கு தப்பு, அவ்ளோதான்.

"மூணாவது கோரை மைனஸ் 15க்குக் கொண்டு வந்துடு, மத்ததை மைனஸ் 20க்குக் குறைச்சுக்கோ"ன்னேன்.

"ஒன்பது மணி நேரத்துல ஒரே ஒரு தப்புதானேண்ணே? என் ரெண்டர் மூணு மணி நேரம்தான். அதுக்குள்ள முடிஞ்சிருமே?"

நியாயமான கேள்வி. எஞ்சினியரிங் படிச்சவனா நின்னு நிதானமா பதில் சொல்லணும்னு ஆரம்பிச்சேன். "ஒன்பதாவது மணி நேரத்துலதான் வரும்னு அது எழுதிக் குடுக்கலைடா, முதல் மணியிலயும் வரலாம். ரெண்டர்ல வந்தா ஒரு ஃபிரேம்ல பச்சைக் கோடு விழும், திரும்பப் போட்டுக்கலாம். ஆனா நீ கேமரா கார்டுலேர்ந்து காப்பி பண்றதும் இதே பொட்டியிலதான். காப்பி முடிஞ்சதும் அடுத்த முகூர்த்தத்துக்காக கார்டை அழிச்சிடற. காப்பி பண்றப்போ தப்பு நடந்தா..."

முடிக்க விடலை. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அவனே சொன்னான்.

"மாசத்துக்கு ஒருத்தராவது வருவாங்கண்ணே. அஞ்சு வருசம், பத்து வருசத்துக்கு முந்தின கல்யாணம். முழு வீடியோ கேக்க மாட்டாங்க. 'எங்கப்பா பந்தலுக்குள்ள நடந்து வர்ற இடம் இருக்கும் தம்பி, அதை மட்டும் வெட்டிக் குடுங்க'ன்னு கேப்பாங்க. அவரு போயிருப்பாரு. வீட்டுல போட்டோ இருக்கும், நடக்குறது வேற எதுலயும் இருக்காது. கொறச்சே வெச்சிரலாம்ணே."

எனக்கு மேல பேச ஒண்ணும் இல்லை. ரவுண்டிங் எர்ரரை இத்தனை வருஷமா படிச்சிருக்கேன், யாரும் எனக்கு இப்படி விளக்கினதில்லை.

மூணாவது கோர் மைனஸ் 15, மத்ததெல்லாம் மைனஸ் 20. மூணு ராத்திரி கோர்சைக்ளர், அப்புறம் மெம்டெஸ்ட்86ல ரேமுக்கு நாலு சுத்து. ரேமை ஏன் சோதிக்கணும்னு கேட்டான். அவனோடது 3600 டிடிஆர்4 ரேம். கடையில எக்ஸ்எம்பி ஆன் பண்ணித்தான் குடுத்திருக்காங்க. ஆனா 5600எக்ஸுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமா சொன்னது 3200 வரைக்கும்தான். டப்பாவுல 3600ன்னு அச்சடிச்சிருந்தாலும் அதுவும் ஓவர்கிளாக்தான். நல்ல காலம், எல்லாம் தேறிடுச்சு. ரெண்டர் நேரம் 2 மணி 44 நிமிஷம். மைனஸ் 25ஐ விட்டுக் குடுத்ததுக்கு நாங்க குடுத்த விலை ஒரு நிமிஷம்.

கணக்கை முடிச்சுப் பாத்தா மொத்த லாபம் 26 நிமிஷம். அதுல 20 நிமிஷம் தூசு, பலகை, ஃபேன், கூலர். பயாஸ் வேலைக்கு 6 நிமிஷம். ராத்திரி பூரா முழிச்சு செட்டிங் தேடுற மக்களுக்கு இதைச் சொன்னா கோவம் வரும், ஆனா என்ன பண்ண, ஊதுவத்திக்குக் கிடைச்ச மார்க் பயாஸுக்குக் கிடைக்கலை.

சூடும் வோல்டேஜும் எவ்வளவு பெரிய விஷயம்னு பெரிய கம்பெனிகளுக்கே பாடம் நடந்திருக்கு. 2024ல இன்டெலோட 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலது காரணம் தெரியாம தடுமாற ஆரம்பிச்சுது. மைக்ரோகோட் தேவைக்கு அதிகமா வோல்டேஜ் கேட்டதுல சில்லு உள்ளேயே தேய்ஞ்சு போச்சுன்னு இன்டெலே சொல்லி, ஆகஸ்ட் மாசம் 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்காத மாதிரி திருத்தம் விட்டாங்க, வாரன்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினாங்க. தேய்ஞ்ச சில்லை அந்தத் திருத்தம் சரி பண்ணாது. மனுஷன் கை படாமலே இப்படின்னா, நாம கை வைக்கும்போது எவ்வளவு ஜாக்கிரதையா இருக்கணும்!

இன்னொரு பக்கம், 2022 டிசம்பர்ல கோர் ஐ9 13900கே பிராசசரை திரவ ஹீலியம் ஊத்தி 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்ட வெச்சாங்க. மைனஸ் 269 டிகிரியில கொதிக்கிற சமாச்சாரம் அது. பாக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது ஓட்டப்பந்தயம், சில நொடி ஓடினா போதும். நம்ம பொட்டி தினமும் வேலைக்குப் போற வண்டி.

செய்யப் போறவங்களுக்கு, வரிசையா:

1. முதல்ல அளந்து எழுதி வைங்க: ரூம் சூடு, சில்லு சூடு, வேகம், நேரம்.
2. தூசு, காத்து, கூலர். இது முடியாம பயாஸ் பக்கம் போகாதீங்க.
3. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. ரெண்டை மாத்தினா எதனால விழுந்துச்சுன்னு தெரியாது.
4. மே மாசத்துல சோதிங்க. டிசம்பர்ல தேறினது அக்னி நட்சத்திரத்துல தேறும்னு உத்தரவாதம் இல்லை.
5. தப்பு வந்த இடத்துலேர்ந்து ஒரு படி இல்லை, ரெண்டு படி கீழே வந்து நில்லுங்க.
6. சோதனை முடியுற வரைக்கும் முக்கியமான எதையும் அந்தப் பொட்டி வழியா காப்பி பண்ணி மூலத்தை அழிக்காதீங்க. முடிஞ்ச பிறகும் ரெண்டு இடத்துல வைங்க.

டிஸ்கி: பிரெசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ், கர்வ் ஆப்டிமைசர் பக்கம் போனா ஏஎம்டி வாரன்டி கிடையாதுன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க. தம்பியோட பொட்டிக்கு வாரன்டி முடிஞ்சு போச்சு, அதனால துணிஞ்சோம். உங்களுக்கு வாரன்டி பாக்கி இருந்தா மேலே சொன்னதுல ரெண்டாவதோட நிறுத்திக்கோங்க. லாபத்துல முக்கால்வாசி அங்கேயே வந்துடும்.

பி.கு: உங்க ரூம்ல எத்தனை டிகிரி, உங்க சில்லு எத்தனை டிகிரின்னு சொல்லுங்க மக்களே. சென்னை, மதுரை, கோவை, வேலூர்னு ஊர்வாரியா ஒரு பட்டியல் போட்டுடலாம். வேலூர்க்காரங்க ஜெயிப்பாங்கன்னு ஒரு நம்பிக்கை :-)